யாழ்ப்பாணக் கரையேறிய சேனைகள்: உடை, ஆயுதம், அமைப்பு

வினாவும் எல்லையும்

யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கே கடனீரேரியைத் தழுவிக் கிடக்கும் கொழும்புத்துறை, நல்லூர் இராசதானியாய் விளங்கிய காலத்தில், அந்நகருக்குக் கடல்வழியாய் வருவோர் காலடி வைக்கும் வாயில்களுள் ஒன்றாய் இருந்தது. ஏரிக்கப்பால் தெற்கே பூநகரியும் அதற்கப்பால் வன்னிப் பெருநிலமும் கிடக்க, வடக்கே நல்லூர் நடந்து செல்லும் தூரத்திலேயே இருந்தமையால், இத்தென்கரைத் துறைகளைக் காக்க வல்லவன் தலைநகரைக் காத்தான். காக்க மாட்டாதவன் வன்னிக் காட்டை நோக்கி ஓடினான். ஆகவே, யாழ்ப்பாண நாட்டின் யுத்த சரித்திரத்தை ஆராய விரும்புவோர்க்கு இக்கரையில் நின்று நோக்குதல் பல வகையாலும் பொருத்தமுடையதாகும்.

1560 தொடக்கம் 1795 வரையுள்ள 235 ஆண்டுகளில், கடல் கடந்து வந்த ஐந்து ஐரோப்பியச் சேனைகள் இக்குடாநாட்டைக் கைப்பற்ற முயன்றன. போர்த்துக்கேய வைசிராய் கொன்ஸ்தந்தீனு த பிறகன்சா 1560இலும், அந்திரே பூர்த்தாது த மென்டோன்சா 1591இலும், பிலிப்பு த ஒலிவெய்றா 1619இலும், ஒல்லாந்தத் தளபதி றைக்லொவ் வன் கூன்ஸ் 1658இலும், ஆங்கிலேயக் கேணல் ஜேம்ஸ் ஸ்ருவாட் 1795இலும் வந்தனர். இவ்வைவருள் முதலாமவர் நீங்கலாக ஏனைய நால்வரும் எண்ணிய கருமத்தை முடித்தே சென்றனர். அவர்தம் வெற்றிக்குக் காரணம் யாது என்னும் வினாவுக்குப் பொதுவாக மூன்று விடைகள் கூறப்படுகின்றன. துவக்கும் பீரங்கியும் அவர்களிடம் இருந்தன என்பது ஒன்று. கடலாட்சி அவர்கள் கையில் இருந்தது என்பது மற்றொன்று. நம்மவரிடையே உட்பகை மலிந்திருந்தது என்பது மூன்றாவது. இம்மூன்றும் உண்மையே, ஆயினும் இம்மூன்றும் சேர்ந்தாலும் விடை முற்றுப்பெறுவதில்லை என்பதும், சேனையொன்றைச் சேனையாக்குவது அதன் உடையுமன்று, கருவியுமன்று, அவ்விரண்டையும் கொடுத்துச் சம்பளமும் உணவும் அளித்து ஒழுங்கில் நிறுத்தும் அமைப்பே என்பதும் இக்கட்டுரையின் துணிபாகும். உடை, ஆயுதம், அமைப்பு என்னும் மூன்றையும் ஒவ்வொரு சேனையிலும் வைத்து நோக்கினால் இது புலனாகும்.

நல்லூர்ச் சேனை

நல்லூர் அரசரின் சேனை, இக்காலத்து நாம் சேனையென்று எண்ணும் நிலையான நிறுவனம் அன்று. முதலிமாரும் ஊர்த் தலைவரும் தத்தம் குடிகளைத் திரட்டிக்கொண்டு வர, வன்னியர் தம் ஆட்களோடு துணைக்கு வர, தேவை மிகுந்தபொழுது கூலிக்குப் போர்செய்யும் வடுகர் முதலானோர் தமிழகக் கரையிலிருந்து வருவிக்கப்பட்டனர். அரசனிடமிருந்து நிலமும் பட்டமும் பெற்ற தலைவனுக்கே போர்வீரன் கடமைப்பட்டவனாதலால், தலைவன் நின்றால் அவன் ஆட்களும் நிற்பர். தலைவன் விழுந்தாலோ, மனம் மாறினாலோ, படையின் ஒரு பகுதி முழுவதும் ஒரே நாளில் மறைந்துவிடும்.

இத்தகைய சேனையில் ஒரேவித உடை இருத்தற்கு இடமில்லை. வெயிலுக்கும் வியர்வைக்கும் ஏற்றவாறு அரையில் இறுகக் கட்டிய கச்சையும், தலைப்பாகையும், திறந்த மார்புமே தென்னாட்டுப் போர்வீரனின் பொதுக்கோலமாய் இருந்தன. வாளும் வேலும் வில்லும் தோற்கேடயமும் அவன் படைக்கலங்கள். இக்கோலத்தைக் கண்டு, இரும்புக் கவசம் பூண்ட பறங்கியர்முன் இவர்கள் எவ்வாறு நிற்க முடியும் என்று இரங்குவோர், நம் நாட்டு வெப்பத்தில் இரும்புக் கவசம் பூண்டவனே முதலில் களைத்து வீழ்வான் என்பதை மறந்துவிடுகின்றனர்.

துவக்குப் பிரயோகம் நம்மவர்க்கு நெடுங்காலம் அரிய வித்தையாய் இருந்தது என்பதும் பொருந்தாது. போர்த்துக்கேயர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்தனர்; அந்நூற்றாண்டு முடியுமுன்னரே இந்நாட்டுக் கொல்லர் துவக்குக் குழாய் செய்வதில் மிகச் சிறந்து விளங்கினர். 1580களிற் கோவாவில் வாழ்ந்த லின்ஸ்கோட்டன் என்னும் ஒல்லாந்தர், இலங்கையிற் செய்யப்பட்ட குழாய்களின் அழகையும் பளபளப்பையும் வியந்து எழுதியுள்ளார். சீதாவக்கை மன்னன் முதலாம் இராசசிங்கன் 1587ஆம், 1588ஆம் ஆண்டுகளிற் கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்டபொழுது அவன் சேனையிலே துவக்கும் பீரங்கியும் இருந்தன. ஆகவே ஆயுத வித்தியாசம் என்பது ஓரிரு தலைமுறைக்குள்ளே குறைந்துவிட்ட ஒன்றாகும். குறையாது நின்ற வித்தியாசம் வேறு.

இவ்விடத்தில், நல்லூரிற் சங்கிலி மன்னன் ஆண்ட அதே காலத்தில் உலகின் மற்றொரு கோடியில் நிகழ்ந்த ஒன்றை ஒப்புநோக்குதல் பயன் தரும். உருசிய மன்னன் நான்காம் இவான் 1550இல் ‘ஸ்திரெல்த்சி’ என்னும் துவக்குப் படையை நிலையான சேனையாக அமைத்தான். அவர்களுக்கு அரசே சம்பளமும் தானியமும் நிலமும் கொடுத்ததோடு அங்கிக்கு வேண்டிய துணியையும் கொடுத்தது. பின்னர் ஒவ்வொரு படைப்பிரிவும் ஒவ்வொரு நிற அங்கியால் அடையாளங் காணப்பட்டது. அரச பண்டாரத்திலிருந்து துணி புறப்படும்பொழுதே ஒரேவித உடை பிறக்கின்றது என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. ஆயினும் அப்படை நாளடைவில் வியாபாரமும் கைத்தொழிலும் செய்து தனிச் சமூகமாய் இறுகி, 1698இல் அரசனுக்கெதிராகவே கிளர்ந்தது. பேதுரு மன்னன் அதனை அழித்து, 1705 முதல் குடும்பங்களின் தொகைப்படி ஆளெடுக்கும் முறையை நிறுவி, மேனாட்டு மாதிரியில் உடையும் பயிற்சியும் கொடுத்துப் புதிய சேனையை உருவாக்கினான். 1709இல் பொல்தாவாவில் சுவீடிய மன்னனை அச்சேனை வென்றது. நிறத்துணி வழங்குதல் எளிது. அத்துணிக்குள் நிற்பவனை ஒழுங்கில் வைத்தல் அரிது என்பதை உருசியர் நூற்றைம்பது ஆண்டுகளிற் கற்றனர். நல்லூருக்கு அத்தகைய கால அவகாசம் கிட்டவில்லை.

போர்த்துக்கேயர்

1560இற் பிறகன்சா பெருங்கப்பற்படையோடு வந்து நல்லூரைக் கைப்பற்றினார். சங்கிலி மன்னன் வன்னிக்குப் பின்வாங்கினான். தலைநகர் விழுந்ததும் நாடு விழுந்துவிடும் என்று கருதிய வெற்றியாளர், சில நாளில் ஊரவர் நாற்புறமும் கிளர்ந்தெழ, உணவு வரும் வழி அடைபட்டுத் திகைத்தனர். முடிவில் அவர்கள் உடன்படிக்கை செய்துகொண்டு பின்வாங்கி, மன்னாரைக் கைக்கொண்டு அங்கே கோட்டை கட்டினர். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஐரோப்பிய வீரரும், பீரங்கியும், கடலாட்சியும் இருந்தும் அம்முயற்சி ஏன் நிலைபெறவில்லை? ஊரில் வரி தண்டவும், நெல் திரட்டவும், செய்தி கொண்டுவரவும், காவல் நிற்கவும் வேண்டிய உள்நாட்டு அமைப்பு அன்று அவர்களிடம் இல்லாமையே காரணம் என்று கொள்ளலாம்.

அவ்வமைப்பை அவர்கள் அடுத்த அறுபது ஆண்டுகளிற் கட்டியெழுப்பினர். 1591இல் மென்டோன்சா புவிராசபண்டாரத்தை வீழ்த்தி, எதிர்மன்னசிங்கனை அரியணையில் இருத்தினார். அரசன் அரசனாகவே இருக்க, திறை மட்டும் போர்த்துக்கேயருக்குச் சென்றது. எதிர்மன்னசிங்கனுக்குப்பின் அதிகாரத்தைக் கைப்பற்றிய இரண்டாம் சங்கிலியை 1619இல் ஒலிவெய்றா வென்று சிறைப்பிடித்துக் கோவாவுக்கு அனுப்பினார். தஞ்சை இரகுநாத நாயக்கன் அனுப்பிய வருணகுலத்தானின் சேனை வந்தும், மிகப்பிள்ளை ஆராய்ச்சி முதலியோர் கிளர்ச்சி செய்தும் ஒலிவெய்றாவை அசைக்க முடியவில்லை. 1621இல் நல்லூர்க் கோயில் இடிக்கப்பட்டு, அதிகாரத் தானம் கடற்கரைப் பட்டினத்துக்கு மாற்றப்பட்டது.

இவ்வெற்றிகளை ஈட்டிய சேனை எத்தகையது? அதில் மூவகையினர் இருந்தனர். போர்த்துக்கல்லிலிருந்து வந்து விவாகமின்றிச் சேவை செய்த ‘சொல்தாது’ ஒரு வகை. இங்கேயே மணஞ்செய்து குடியமர்ந்து, ஆபத்துக் காலத்தில் ஆயுதம் எடுத்த ‘கசாது’ மற்றொரு வகை. முதலியார், ஆராய்ச்சி, கங்காணி என்னும் அதிகாரிகளின்கீழ் நின்ற உள்நாட்டு லஸ்காரின்கள் மூன்றாவது வகை. எண்ணிக்கையால் மிகுந்தவர் இம்மூன்றாவது வகையினரே. வழி காட்டியவரும், முன்னணியிற் சென்றவரும், முதலில் மாண்டவரும் அவர்களே.

உடையைப் பற்றிக் கூறுமிடத்து, போர்த்துக்கேயச் சிப்பாய்க்கு அரசன் கொடுத்த ஒரேவித உடை எதுவும் இல்லை. பிரபுக்கள் கவசமும் தலைச்சீராவும் அணிந்தனர். ஏனையோர் தத்தம் பொருளுக்கேற்பக் கமிசையும் களிசானும் அணிந்தனர். சம்பளம் பிந்தி வருவதும் வராமலே போவதும் வழக்கமாயிருந்த இந்நாட்டில், சப்பாத்தின்றி வெறுங்காலோடு நடந்த போர்த்துக்கேயரும் பலர் இருந்தனர். 1640 தொடக்கம் ஏறத்தாழப் பதினெட்டாண்டு இலங்கையிற் சேவை செய்து, பின்னர் அதன் சரித்திரத்தை எழுதிய சுவாம் றிபெய்றோவின் நூலைப் படிப்போர்க்கு, அச்சேனையின் துணிவும் வறுமையும் ஒருங்கே தோன்றும்.

அவர்களுடைய முதன்மைக் கருவி திரித்துவக்கு. வெடிமருந்தைக் குழாயில் இட்டு, சன்னத்தை உட்செலுத்தி, கோலால் இடித்து, எரியும் திரியைப் பொருத்தி, விசையை இழுத்துச் சுடும் இம்முறையில் ஒரு நிமிடத்துக்கு ஒரு வெடி தீர்ப்பதே கைதேர்ந்தவனுக்கும் பெரிது. இரவில் எரியும் திரி இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும். மாரியில் திரி நனையும், மருந்து நமுக்கும். வாடைக்காற்றும் மழையும் தொடங்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இக்குடாநாட்டில் திரித்துவக்கைச் சுமந்தவன் பாதி நாள் அதனைத் தடியாகவே சுமந்திருப்பான்.

எனவே போர்த்துக்கேயரின் மேன்மை கருவியில் இல்லை. அது சிறு தோணியும் பெருங்கப்பலும் சேர்ந்த கடற்போக்குவரத்திலும், கோட்டைகளின் வரிசையிலும், லஸ்காரின் அமைப்பிலும் இருந்தது. ஆனால் அதே லஸ்காரின் அமைப்பே அவர்களின் பலவீனமுமாயிற்று. 1630இல் கொன்ஸ்தந்தீனு த சா என்னும் தளபதி ஊவா நாட்டிற் படையெடுத்துச் சென்றபொழுது, முதலியார் சிலர் தம் லஸ்காரின்களோடு கண்டி மன்னன் பக்கம் சேர்ந்துவிட, ரந்தெனிவெலையில் அச்சேனை முற்றாக அழிந்தது. 1638இல் கன்னொறுவையில் மற்றொரு சேனையும் அவ்வாறே அழிந்தது. நல்லூர்ச் சேனையிற் கண்ட குறையை, அதனை வென்றவர் தாமும் முதுசொமாய்ப் பெற்றுக்கொண்டனர்: வீரன் அரசுக்கு உரியவனல்லன், தன் தலைவனுக்கு உரியவன்.

ஒல்லாந்தர்

1658இல் வன் கூன்ஸ் மன்னாரைக் கைப்பற்றி யாழ்ப்பாணத்துள் நுழைந்து, கடற்கரைக் கோட்டையை முற்றுகையிட்டார். சேனையோடு வந்த பாதிரியார் பிலிப்பு பல்தேயுஸ் இம்முற்றுகையைத் தம் நூலில் எழுதி வைத்துள்ளார். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த அம்முற்றுகையில் கோட்டைக்குள் அடைபட்டோரைப் பீரங்கிக் குண்டினும் பசியும் நோயும் மிகுதியாய் வருத்தின; யூன் மாதத்திற் கோட்டை சரணடைந்தது. தன் உணவுக்கு வேண்டிய நெல்லைத் தானே விளைவிக்க இயலாத இக்குடாநாட்டில், கடலையும் ஏரியையும் அடைத்தவனுக்குக் கோட்டை மதிலை உடைக்க வேண்டிய அவசியம் நேரவில்லை.

ஒல்லாந்தர் சேனையின் தன்மை வேறு. அது அரசனுடைய சேனையன்று. வியாபாரக் கும்பனியின் சேனை. அதிற் சேர்ந்தோருட் பலர் ஒல்லாந்தருமல்லர். செர்மானிய நாடுகள் முதலிய பல தேசங்களிலிருந்து வறுமையால் உந்தப்பட்டு வந்தவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தமும், மாதம் 9 கில்டர் அளவான சம்பளமும், கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்ட பற்றுவரவும் அவர்களைக் கட்டின. அவர்களுக்கும் தொடக்கத்தில் ஒரேவித உடை வழங்கப்படவில்லை. கும்பனிப் பண்டகசாலையிலிருந்து துணியைக் கடனாகப் பெற்றுத் தைத்துக்கொள்ள, அதன் விலை சம்பளத்திற் கழிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலோ துணிக்குப் பஞ்சமில்லை. மன்னாரிலும் வன்னியிலும் தீவுகளிலும் தோண்டிய சாயவேரால் சிவப்புத் தோய்க்கும் தொழிலைக் கும்பனியார் தம் வியாபாரத்தின் முக்கிய அங்கமாக்கி, இந்தியக் கரையிலிருந்து நெசவாளரையும் வருவித்திருந்தனர். துணி விற்பவனும் சிப்பாய்க்குச் சம்பளம் கொடுப்பவனும் ஒருவனேயாதலால், கொடுத்த காசின் ஒரு பங்கு சுற்றி வந்து அவன் பெட்டியிலேயே விழுந்தது.

கருவியிலும் பார்க்க அவர்கள் சிறந்தது பயிற்சியிலே ஆகும். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் நாசோ குடும்பத்து மோறிஸ் இளவரசரும் அவர் ஒன்றுவிட்ட சகோதரர்களும், துவக்கில் மருந்திடும் செயலைப் பல சிறு செயல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கட்டளை வகுத்து, முன்வரிசை சுட்டுப் பின்செல்ல அடுத்த வரிசை முன்வந்து சுடும் முறையை ஏற்படுத்தினர். 1607இல் யாக்கோபு த கெயின் அச்செயல்களைப் படம் படமாக வரைந்து நூலாக வெளியிட்டார். நிமிடத்துக்கு ஒரு வெடி தீர்க்கும் தனிமனிதனை, இடையறாது வெடி தீர்க்கும் அணியாக மாற்றியது இவ்வொழுங்கே. போர்த்துக்கேயப் பிரபு தன் வாளின் புகழுக்காகப் போராடினான். ஒல்லாந்தச் சிப்பாய் தன் கட்டளைக்காரனின் குரலுக்காகக் கையை அசைத்தான். முன்னவனைப் பற்றிக் காவியம் பாடலாம். பின்னவனைக் கொண்டு நாடுகளைப் பிடிக்கலாம்.

கோட்டை அமைப்பிலும் அதே கணக்கறிவைக் காணலாம். நான்கு கொத்தளம் கொண்ட போர்த்துக்கேயக் கோட்டையை அகற்றி, 1680 அளவில் ஐங்கோணக் கோட்டையை ஒல்லாந்தர் எழுப்பினர். அதன் வெளியரண் 1792இல் முற்றுப்பெற்றது. ஊர்காவற்றுறைக் கடலில் கடற்கோட்டையும், ஏரிக்கப்பால் பூநகரிக் கோட்டையும், கிழக்கே வன்னியை நோக்கி ஆனையிறவு முதலிய காவல் அரண்களும் நின்றன. இவ்வரண்களைக் கட்டிய கல்லும் சுண்ணாம்பும், அவற்றைச் சுமந்த தோளும், பெரும்பாலும் ஊழியம் என்னும் கட்டாய வேலையால் வந்தவை. சேனையின் அமைப்பை ஆராய்வோர் அணிவகுத்து நின்ற சிப்பாயை மட்டும் எண்ணினால் போதாது; அவனுக்கு அரிசி சுமந்தவனையும், தோணி வலித்தவனையும், தபால் கொண்டோடியவனையும் எண்ணுதல் வேண்டும். அவ்வாறு எண்ணின், இக்குடாநாட்டில் ஒவ்வொரு வெளிநாட்டுச் சேனையின் பெரும்பகுதியும் உள்நாட்டவரே என்பது தெளிவாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கும்பனியார் தம் சொந்தச் சேனை போதாமையால், முழுப் படைப்பிரிவுகளையே வாடகைக்கு அமர்த்தினர். 1781இல் சுவிற்சர்லாந்தவரான சார்ல்ஸ் டானியேல் த மெறோன் பிரபு திரட்டிய படைப்பிரிவு அவற்றுள் ஒன்று. இக்காலத்தில் ஒரேவித உடை முழுமையாக நிலைபெற்றுவிட்டது. ஏனெனில் படைப்பிரிவின் உரிமையாளனே துணியை மொத்தமாய் வாங்கி, சிப்பாயின் கணக்கில் எழுதி, அதிலும் இலாபம் பார்த்தான்.

ஆங்கிலேயர்

1795 ஓகத்து மாதத்தில் திருகோணமலையைக் கைக்கொண்ட கேணல் ஸ்ருவாட், செத்தெம்பர் 28ஆம் திகதி யாழ்ப்பாணக் கோட்டையையும் பெற்றுக்கொண்டார். நூறாண்டுக்கு மேலாய்க் கட்டிச் செப்பனிட்ட ஐங்கோணக் கோட்டை, வெளியரண் முற்றுப்பெற்று மூன்றாண்டிலே, எதிர்ப்பின்றிச் சரணடைந்தது. கல்லால் ஆன அரண் கெடவில்லை. அதற்குள் நின்ற அமைப்புக் கெட்டிருந்தது. ஒல்லாந்தில் அரசு கவிழ்ந்து, கும்பனி கடனில் மூழ்கி, சிப்பாய்களின் சம்பளம் நிலுவையில் நின்ற காலம் அது.

இதற்குச் சான்றாக, அதே ஆண்டு நிகழ்ந்த ஓர் அற்புதமான வியாபாரத்தைக் காட்டலாம். சென் அன்றூஸ் சருவகலாசாலையிற் பேராசிரியராயிருந்த ஹியூ கிளெகோர்ன், சுவிற்சர்லாந்துக்குச் சென்று மெறோன் பிரபுவோடு 1795 மார்ச்சில் உடன்படிக்கை செய்து, ஒல்லாந்தருக்கு வாடகைக்கு விட்டிருந்த அவர் படைப்பிரிவை ஆங்கிலேயருக்கு மாற்றிக்கொண்டார். கொழும்பில் அதற்குத் தலைமை தாங்கிய பிரபுவின் தம்பிக்கு இச்செய்தி ஒல்லாந்தப் பாற்கட்டியொன்றுள் மறைத்து அனுப்பப்பட்டது என்பர். ஒக்டோபரில் அச்சிப்பாய்கள் எசமான் மாறினர். 1796 பெப்ருவரியிற் கொழும்பும் சரணடைந்தது. பின்னர் அப்படைப்பிரிவு 1799இல் சீரங்கப்பட்டணத்திற் போராடியது. 1630இல் முதலிமார் கட்சி மாறியபொழுது ஒரு சேனை அழிந்தது. 1795இல் ஒரு படைப்பிரிவு கட்சி மாறியபொழுது ஓர் ஆளும் அழியவில்லை, அணியும் கலையவில்லை. முன்னையது தலைவனைப் பற்றி நின்ற கூட்டம். பின்னையது கணக்கைப் பற்றி நின்ற நிறுவனம். இரண்டும் விலைக்கு உட்பட்டவையே எனினும், நிறுவனத்தை ஒப்பந்தத்தால் முழுவதாக வாங்கலாம் என்பதே வேற்றுமை.

ஸ்ருவாட்டோடு வந்த சேனையில் ஆங்கிலேயரோடு சென்னைச் சிப்பாய்களும் இருந்தனர். 1748இல் ஸ்றிங்கர் லோறன்ஸ் ஒழுங்குபடுத்தத் தொடங்கிய இச்சேனை, 1758ஐ அடுத்து பட்டாளங்களாக வகுக்கப்பட்டு, 1796இல் ஒவ்வொன்றும் இரு பட்டாளம் கொண்ட படைப்பிரிவுகளாகத் திருத்தி அமைக்கப்பட்டது. சிப்பாய், நாயக், அவில்தார், சமேதார், சுபேதார் என்னும் படிவரிசையில் ஒரு தமிழனோ தெலுங்கனோ முசுலிமோ சுபேதார்வரை உயரலாம். அதற்குமேல் எத்துணை வயதுடைய சுபேதாரும் நேற்று வந்த ஆங்கில இளைஞனுக்கு வணக்கஞ் செய்தே நிற்பான். ஆயினும் மாதந்தோறும் தவறாத சம்பளமும், முதுமைக்குப் பென்சனும் அவனுக்கு உண்டு. தென்னாட்டரசர் எவரும் இவ்வளவு காலம் இவ்வளவு ஒழுங்காய்த் தம் வீரர்க்குக் கொடுத்ததில்லை. ஆங்கிலக் கும்பனியின் பலம் முழுதும் இவ்வொரு வாக்கியத்துள் அடங்கும்.

அவன் உடை, மேலே ஐரோப்பிய மாதிரியிலான சிவப்புச் சட்டையும், குறுக்காக இரு வெள்ளைத் தோல்வாரும், கீழே முழங்காலுக்கு மேலே நிற்கும் குறுங்களிசானும், காலிற் செருப்பும், தலையில் தலைப்பாகையுமாய், மேனாடும் கீழ்நாடும் அரையிற் சந்திக்கும் ஒரு விசித்திரக் கலப்பு. அவன் கருவி, திரிக்குப் பதிலாகச் சக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பும் ‘பிறவுண் பெஸ்’ துவக்கு. ஏறத்தாழப் பத்து இறாத்தல் நிறையும், முக்கால் அங்குலக் குழாயும் உடைய அத்துவக்கால், பயின்றவன் நிமிடத்துக்கு இரண்டு மூன்று வெடி தீர்க்கலாம். ஆனால் நூறு யாருக்கப்பால் குறி தவறுவது பெரும்பான்மை. முனையிற் செருகிய ஈட்டிக்கத்தி, துவக்குக்காரனையும் வேற்காரனையும் ஒருவனாக்கியது.

இவ்வமைப்பின் எல்லையைக் காட்டிய நிகழ்ச்சி, யாழ்ப்பாணம் விழுந்து பதினோராண்டு கழியுமுன் வேலூரில் நடந்தது. சேனாதிபதி சேர் யோன் கிறடொக் காலத்தில், 1805 நவம்பர் மாதம் சிப்பாய்களுக்குத் தொப்பி போன்ற புதுத் தலைப்பாகை கட்டளையிடப்பட்டது. அதிலே தோலாற் செய்த குஞ்சமும் இருந்தது. அணிவகுப்பில் நிற்கும்பொழுது நெற்றிக்குறியும் காதணியும் கூடாதென்றும், தாடி மீசையைக் குறித்த மாதிரியில் திருத்த வேண்டுமென்றும் விதிகள் தொடர்ந்தன. 1806 மே மாதம் மறுத்தவர்களுள் ஒரு முசுலிமுக்கும் ஓர் இந்துவுக்கும் 900 கசையடி விதிக்கப்பட்டது. யூலை 10ஆம் திகதி விடியுமுன் சிப்பாய்கள் எழுந்து, கோட்டையிலிருந்த 69ஆம் படைப்பிரிவின் ஆங்கிலேயரைத் தாக்கினர். ஆர்க்காட்டிலிருந்து கேணல் கில்லெஸ்பி குதிரைப்படையோடு விரைந்து வந்து அக்கிளர்ச்சியைக் கொடுமையாய் அடக்கினார். தலைப்பாகைக் கட்டளை உடனே மீட்கப்பட்டது. கிறடொக்கும், ஆளுநர் வில்லியம் பென்டிங் பிரபுவும் 1807இற் திருப்பி அழைக்கப்பட்டனர். திப்புவின் குமாரர் வேலூர்க் கோட்டையிற் காவலில் இருந்தமையும், சிப்பாய்களின் வேறு மனக்குறைகளும் காரணங்களாயின என்பது உண்மையே. ஆயினும் சம்பளமும் பென்சனும் அரை நூற்றாண்டு கட்டி வைத்ததை, ஒரு முழத் துணியும் ஒரு துண்டுத் தோலும் ஓரிரவில் அவிழ்த்தன என்பதை மறுக்க முடியாது. கூலிக்கு உழைப்பை விற்றவன் தன் நெற்றியையும் விற்றுவிட்டான் என்று எண்ணியதே கிறடொக்கின் பிழை.

கண்டி என்னும் எதிர்ச்சாட்சி

இதுகாறும் கூறியவற்றுக்கு வலுவான தடையொன்று எழுப்பலாம். அமைப்பே வெற்றிக்குக் காரணமாயின், இதே போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் கண்டியில் ஏன் தோற்றனர்? 1594இல் தந்துரையிலும், முன்னே கூறிய 1630ஆம், 1638ஆம் ஆண்டுகளிலும் போர்த்துக்கேயச் சேனைகள் அழிந்தன. 1803இல் கண்டி நகரை எளிதாய்ப் பிடித்த ஆங்கிலேயர், மேசர் டேவியின் தலைமையில் அங்கே நிறுத்திய காவற்படை முழுவதையும் இழந்தனர். கண்டியின் சேனையும் நல்லூர்ச் சேனையைப் போலத் தலைவர் வழியே திரண்டதுதானே?

இதற்கு விடை நிலத்தில் இருக்கிறது. வெளிநாட்டுச் சேனையின் அமைப்பு, கடலிலிருந்து நீளும் ஒரு சங்கிலி. அரிசியும் மருந்தும் சம்பளமும் அதன் வழியே செல்வன. யாழ்ப்பாணக் குடாநாட்டில் எவ்விடமும் கடலுக்கு அண்மையானது. மலையில்லை, பெருங்காடில்லை, மறைந்து தாக்கும் கணவாயில்லை. பனந்தோப்பும் வேலியிட்ட வளவும் ஒரு நாட் போருக்கு மறைவு தரும், ஒரு மாதப் போருக்குத் தரா. ஆகவே அச்சங்கிலி இங்கே அறுபடுவதில்லை. கண்டியிலோ, மலையேறிய ஒவ்வோர் அடியிலும் அது நீண்டு மெலிந்து, மழையாலும் காய்ச்சலாலும் கூலியாட்கள் ஓடிவிடுவதாலும் தானே அறுந்தது. 1803இல் எதிரியின் ஆயுதத்தால் மடிந்தவரிலும் நோயால் மடிந்த ஆங்கிலேயர் மிகப் பலர். கண்டியர் சங்கிலியை அறுத்தனர். நல்லூரில் அதனை அறுக்க இடமில்லை. 1560இல் மட்டும் அது அறுந்தது. வன்னியிற் பின்வாங்க இடமும், ஊரவரின் எழுச்சியும் அன்று ஒருங்கே வாய்த்தன. 1619இல் மன்னார்க் கோட்டை வன்னி வழியின் ஒரு பக்கத்தை அடைத்து நின்றதோடு, முதலிமாருட் பலரும் பறங்கியரின் சேவகத்துக்கு வந்துவிட்டனர். எனவே கண்டியின் சரித்திரம் நம் துணிபை மறுப்பதன்று, அதனை உறுதிப்படுத்துவதேயாகும்.

முடிவு

மேலே ஆராய்ந்தவற்றைத் தொகுத்து நோக்கின், ஆயுதம் விரைவிற் பரவும் பொருள். வென்றவனின் துவக்கைத் தோற்றவன் ஒரு தலைமுறையில் தானே செய்யக் கற்றுக்கொள்கிறான். கடலாட்சி பெரிய வசதி; ஆனால் 1560இல் அது போதவில்லை. உட்பகை எந்நாட்டிலும் உள்ளதே. வென்ற போர்த்துக்கேயரிடையேயும் ஒல்லாந்தரிடையேயும் அது குறைவின்றி இருந்தது. ஒரேவித உடையோ அமைப்பின் காரணமன்று, அதன் விளைவு. அரசோ கும்பனியோ தன் சிப்பாய்க்குத் தானே துணி வாங்கிக் கொடுக்கும் நிலையை அடைந்தபொழுது அது தோன்றியது. அதற்கு முன்னரே யாழ்ப்பாணம் பறங்கியரிடமும் பின்னர் ஒல்லாந்தரிடமும் போய்விட்டது. உடையால் ஒருபொழுதும் இக்குடாநாடு வெல்லப்படவில்லை. ஆனால் உடையால் ஒரு சேனை சிதறக்கூடும் என்பதை வேலூர் காட்டியது.

நம் சரித்திர நூல்கள் மன்னர் பெயரையும் தளபதிகள் பெயரையும் விரிவாய்க் கூறி, சேனைகளுக்கு உணவளித்த விதத்தையும் சம்பளம் கொடுத்த விதத்தையும் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. 1736 அளவில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையும் இதற்கு விலக்கன்று. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற தோம்புகள் என்னும் நிலப் பதிவேடுகளும், யாழ்ப்பாணத் தளபதிகள் தம் பின்வந்தோர்க்கு எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளும், ஊழியம் செய்தோரின் கணக்குகளும் இக்குறையை நிரப்ப வல்லன. எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் தோணி வலித்தனர், எந்தத் துறையில் எவ்வளவு நெல் இறங்கியது, எந்த மாதத்திற் சிப்பாயின் சம்பளம் நின்றது என்று அவற்றிலிருந்து தொகுத்தெடுப்போர், நல்லூர் ஏன் வீழ்ந்தது என்பதை மட்டுமன்றி, அதனை வென்றவர்கள் ஒருவர்பின் ஒருவராய் ஏன் நீங்கினர் என்பதையும் சேர்த்தே விளக்குவர். கொழும்புத்துறை போன்ற சிறு துறைகளின் சரித்திரம், யுத்தகளத்தின் சரித்திரத்திலும் பார்க்க, அவ்விளக்கத்துக்கு உதவுவதாகும்.